அபோபிஸா, கமோவாலேவாவா?

காரைக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகோளைக் காட்டுவதென்றால் எது? கண்ணுக்கு விருந்து அபோபிஸ்தான். சுமார் 340 மீட்டர் அகலம். தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடக்கும், மோதாது. மிக நெருங்குவது நமக்கு 2029 ஏப்ரல் 14 அதிகாலை, அதாவது சித்திரை முதல் நாள்! முந்தின இரவே மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், வளவில் நின்றால் துண்டு வானம்தான் தெரியும்.

சுற்றுப்பாதை என்று வந்தால் என் ஓட்டு கமோவாலேவாவுக்கு. 2016-இல் ஹவாயிலிருந்து கண்டுபிடித்தார்கள். சூரியனைத்தான் சுற்றுகிறது, ஏறக்குறைய 366 நாளில். நாமும் கூடவே ஓடுவதால் நம்மைச் சுற்றுவதுபோல் தோன்றும். ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம், அதை ஒட்டி ஒரு நீள்வட்டம் வரைந்து, இரண்டு புளியங்கொட்டைகளைச் சேர்த்து நகர்த்துங்கள். பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.