புயல் நேரத்து வயர்லெஸ்: அரசுப் பணத்தை எதில் போடுவது?

நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். இடையில் மலையோ மேடோ கிடையாது, தரை முழுக்கச் சமதளம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இந்தப் பகுதியில்தான். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, செல்போன் டவர்கள் ஊமையாகின. அன்று கிராமத்திலிருந்து கலெக்டர் அலுவலகக் கண்ட்ரோல் ரூமுக்கு 1077 என்ற பேரிடர் உதவி எண் வழியே பேச முடியாதவருக்கு என்ன வழி இருந்திருக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் மாவட்டத்தின் வயர்லெஸ், அதாவது வாக்கி டாக்கி அமைப்பை மேம்படுத்தும் எந்தத் திட்டத்தையும் எடைபோட வேண்டும். நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, இருக்கிற அனலாக் வி.எச்.எஃப் (வி.எச்.எஃப் என்ற அலைவரிசையில் குரலை அப்படியே அலையாக அனுப்பும் பழைய வகை) அமைப்பையே பழுது பார்ப்பது. இதை மட்டமாகப் பேசுவது தவறு. எந்த கம்பெனி செட்டும் எந்த கம்பெனி செட்டோடும் பேசும். சிக்னல் தேயத் தேய இரைச்சல் கூடுமே தவிர, "இரண்டாவது தெருவுல தண்ணி" என்ற நாலு சொல்லாவது காதில் விழும். குறை என்னவென்றால் ஒரு சேனலில் ஒருவர்தான் பேச முடியும். தாசில்தார் பேசி முடிக்கும்வரை தீயணைப்பு வண்டி காத்திருக்க வேண்டும். யாராவது மைக் பொத்தான் அழுந்திய நிலையில் செட்டை இடுப்பில் செருகிவிட்டால் மாவட்டமே அடைத்துப்போகும்.

இரண்டாவது டி.எம்.ஆர், குரலை எண்களாக மாற்றி அனுப்பும் டிஜிட்டல் வயர்லெஸ். அதே 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் நேரத்தை இரண்டாகப் பங்கிட்டு ஒரே ரிப்பீட்டரில் (வந்த அலையை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் டவர் கருவி) இரண்டு உரையாடல் ஓடும். வருவாய்த்துறைக்கு ஒன்று, மீட்புப் பணிக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். கைச்செட் பாதி நேரம் மட்டுமே அலை அனுப்புவதால் பேட்டரி கூடுதலாக நிற்கும். பேசுகிறவரின் எண் திரையில் தெரியும், தொலைந்த செட்டை கண்ட்ரோல் ரூமிலிருந்தே முடக்கலாம். ஆனால் எல்லை தாண்டினால் இரைச்சல் வராது, குரல் தகரம் போல உடைந்து சட்டென்று நின்றுவிடும். கலர் கோட் (ரிப்பீட்டரின் அடையாள எண்), ஸ்லாட் (நேரப் பங்கு), டாக் குரூப் (பேசும் குழுவின் எண்) மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் செட் உயிரோடு இருக்கும், பேச்சு மட்டும் போகாது. புயல் வேளையில் வி.ஏ.ஓ. ஒருவர் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வழியே இல்லை. ஆகவே எல்லா செட்டுக்கும் ஒரே புரோகிராமிங் கோப்பை ஏற்றி, அதன் பிரதியை மாவட்ட அலுவலகம் வைத்துக்கொள்வது கட்டாயம். கோப்பும் கடவுச்சொல்லும் விற்றவரிடமே தங்கிவிட்டால், ஒரு சேனலை மாற்றக்கூட அவர் தயவு வேண்டும்.

மூன்றாவது டெட்ரா, பெரிய அமைப்புகளுக்கான இன்னொரு டிஜிட்டல் வயர்லெஸ் முறை. 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு உரையாடல், அரை வினாடிக்குள் இணைப்பு. பெருநகரக் காவல்துறைக்கும் மெட்ரோவுக்கும் அருமையான ஏற்பாடு. சமவெளி மாவட்டத்துக்கு மட்டும் பொருந்தாது. வி.எச்.எஃப்பைவிட உயர்ந்த அலைவரிசையில் இயங்குவதால் அதே பரப்புக்கு அதிக டவர் கேட்கும், செட்டின் விலையும் அதிகம்.

நான்காவது, சிம் போட்ட வாக்கி டாக்கி. டவர் கட்ட வேண்டாம், மாதக் கட்டணம் கட்டினால் போதும் என்பதால் பட்ஜெட் கூட்டங்களில் இதற்குத்தான் கவர்ச்சி. ஆனால் அது செல்போன் டவரின் பேட்டரி தாங்கும் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். திருவிழா, தேர்தல் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பேரிடர் நிதியில் இதை வாங்குவதை எதிர்க்கத்தான் வேண்டும்.

எங்கள் தேர்வு, அனலாக்கிலும் வேலை செய்யும் டி.எம்.ஆர். ஒரு சேனல் நிரந்தரமாக அனலாக்கில் இருக்கட்டும். ஆனால் எதைத் தேர்ந்தாலும் அது வெல்வதும் தோற்பதும் டவரில்தான். டெண்டரில் ஒரு வரியில் முடித்துவிடும் பகுதி அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கும் கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்த செட்டுக்கும் இடையே ரேடியோ தொடுவானம் (பூமியின் வளைவு மறைக்காமல் அலை எட்டும் தூரம்) சுமார் 27 கிலோமீட்டர். அது வெட்டவெளிக் கணக்கு. கான்கிரீட் அறைக்குள் 10, 15 கிலோமீட்டரில் திணறும். ஒரே டவரில் கோடியக்கரை வராது. நாகப்பட்டினம், தலைஞாயிறு, வேதாரண்யம் என மூன்று இடம் வேண்டும். மூன்றையும் இணையக் கேபிளில் இணைக்கச் சொல்வார்கள். மரம் வேரோடு சாயும்போது கேபிளும் சேர்ந்து அறும். இணைப்புக்குத் தனி யு.எச்.எஃப் (வி.எச்.எஃப்பைவிட உயர்ந்த அலைவரிசை) ரேடியோ லிங்க் இருக்கட்டும். அதுவும் போனால் ஒவ்வொரு ரிப்பீட்டரும் தனியாக இயங்கும்படி அமைத்திருக்க வேண்டும்.

25 வாட் ரிப்பீட்டர் அலை அனுப்பும்போது தோராயமாக 6 ஆம்பியர், சும்மா இருக்கையில் 0.6 ஆம்பியர் இழுக்கும். புயல் இரவில் பாதி நேரம் பேச்சு ஓடுகிறது என்றால் சராசரி 3.3 ஆம்பியர். மின்சாரம் இல்லாத 72 மணி நேரத்துக்கு 240 ஆம்பியர்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 480 தேவை. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி நான்கு வைத்தால் சற்று மிச்சமும் இருக்கும். கடல்நீர் ஏறக்கூடிய தரைத்தளத்தில் அவற்றை வைக்காமல் மாடியில் வைக்க வேண்டும்.

அடுத்தது ரிப்பீட்டரை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிள். அதே 25 வாட் ரிப்பீட்டருக்கு 30 மீட்டர் நீளத்தில் மெலிந்த ஆர்.ஜி-58 போட்டால் ஆன்டெனாவைச் சேர்வது 6 வாட் சொச்சம்தான். அரை அங்குல ஹீலியாக்ஸ் (தடித்த, இழப்புக் குறைந்த கேபிள்) போட்டால் 20 வாட்டுக்கு மேல் சேரும். உப்புக் காற்று முதலில் தின்பது மேல் முனைக் கனெக்டரை. அதன்மேல் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பை இறுகச் சுற்றி, வெயில் படாதபடி மேலே பி.வி.சி. டேப் போட்டு, கனெக்டருக்குக் கீழே கேபிளை வளைத்துவிட்டால் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். இதைச் செய்யாத கேபிளில் மழைநீர் செப்புப் பின்னலுக்குள் இறங்கும். அப்போது கீழே நின்று எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்தால் எண் அழகாகவே இருக்கும். ஈரக் கேபிள் திரும்பி வரும் அலையையும் விழுங்கிவிடுவதுதான் காரணம். அந்த எண்ணை நம்பி நாட்களை வீணாக்குவது சகஜம். மேலே ஏறி ஆன்டெனா முனையில் பவர் அளப்பதே சரியான சோதனை.

இன்னொரு கோளாறு, தூரத்து கைச்செட் பேசத் தொடங்கி, ரிப்பீட்டர் திருப்பி அனுப்ப ஆரம்பித்ததும் அறுந்துபோவது. பெரும்பாலும் டூப்ளெக்ஸர் (ஒரே ஆன்டெனாவில் அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் வடிகட்டி) டியூனிங் நகர்ந்திருக்கும். லாரியில் குலுங்கி வந்த டூப்ளெக்ஸரை அளக்காமல் மாட்டக்கூடாது.

இனி பணம். மாநிலப் பேரிடர் நிதியில் ஒன்றிய அரசின் பங்கு 75, மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். 15வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வகுத்த முறையில், பேரிடர் ஒதுக்கீட்டில் 20 சதவீதம் தணிப்புப் பணிக்கும், 10 சதவீதம் ஆயத்தத்துக்கும் திறன் மேம்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்டது. வயர்லெஸுக்கு மிகப் பொருத்தமான வாசல் அத்தகைய ஆயத்தப் பங்குதான். எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நிலையான சொத்துக்குத் தரும், தொடர்செலவுக்குத் தராது. ஆகவே டவரை அதில் கட்டலாம், பராமரிப்புக்கு வேறு கணக்கு வேண்டும். ஊராட்சிகளின் நிபந்தனையற்ற மானியத்திலும் செட் வாங்கலாம்தான். ஒவ்வொரு ஊராட்சியும் தனித்தனியாக வாங்கினால் ஒன்றோடொன்று பேசாத செட்டுகள்தான் மிஞ்சும். ஸ்பெசிபிகேஷனை மாவட்டமே எழுதித் தர வேண்டும்.

அலைவரிசை அனுமதிக்கும் டவர் இட அனுமதிக்கும் ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையிடம் டெண்டருக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் செட்டுகள் அட்டைப்பெட்டியில் இருக்கும்போதே வாரண்டி காலம் கரையும். பெட்டியில் காலியாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி பிறகு சார்ஜே ஏறாது. டெண்டரில் செட்டுக்கு ஒரு உபரி பேட்டரியும், ஐந்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்திருக்கட்டும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், எல்லாப் புயல் பாதுகாப்பு மையங்களிலிருந்தும் கண்ட்ரோல் ரூமுக்கு அழைப்பு போக வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன், அதிகாரிகள் கைச்செட்டோடு ஒவ்வொரு மையத்தின் தரைத்தள அறைக்குள்ளும் கதவைச் சாத்திக்கொண்டு நின்று பேசிப் பார்க்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்து 72 மணி நேரமும் ஓடவிட்டுப் பார்க்கட்டும். எந்த மையத்தில் பேச்சு புரியவில்லையோ அதன் பெயரைக் குறித்து, அங்கே வெளி ஆன்டெனா மாட்டிய பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.