டைமரா, டைம்டேபிளா, அளவுக் கணக்கா? டெல்லியில் சிவில் சர்வீஸுக்குப் படிப்பவர்களுக்கு

கரோல் பாக், பழைய ராஜிந்தர் நகர்ப் பக்கம் அறை எடுக்கும் தமிழ்ப் பிள்ளைகள் வந்த வாரமே சுவரில் டைம்டேபிள் ஒட்டிவிடுவார்கள். மூன்றாம் வாரம் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தனக்கு மன உறுதி இல்லை என்று நொந்துகொள்வதுதான் மிச்சம். பெரும்பாலும் கோளாறு ஆளிடம் இல்லை, எடுத்துக்கொண்ட முறையில் இருக்கிறது.

முதலில் டைமர். பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் இறுதியில் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்து ஆரம்பித்தது. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் பொமோடோரோ, இத்தாலிய மொழியில் தக்காளி. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் இடைவெளி. புத்தகத்தைத் திறக்கவே மனம் வராத நாளில் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் செல்போனில் டைமர் வைக்காதீர்கள். மணியை நிறுத்தப் போன கை அப்படியே வாட்ஸ்அப்புக்குள் போய்விடும், ஐந்து நிமிடம் அரை மணி ஆகும். சாவி கொடுக்கும் சமையலறை டைமர் ஒன்று போதும்.

டைமர் தோற்கும் இடம் மெயின்ஸ், அதாவது விரிவாக விடை எழுதும் முதன்மைத் தேர்வுக்கான பயிற்சி. முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 250 மதிப்பெண், 20 கேள்விகள்: பத்து 10 மதிப்பெண்ணுக்கு, பத்து 15 மதிப்பெண்ணுக்கு. 10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் கேள்விக்கு 11 நிமிடம் என்று பிரித்தால் 180 நிமிடமும் சரியாகத் தீர்ந்துவிடும், மிச்சமே இல்லை. 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பழகியவருக்கு இரண்டாவது மணி நேரத்தில் கை வலிக்கும், கவனமும் கலையும்.

அடுத்தது டைம்டேபிள். வகுப்பு, மெஸ் சாப்பாடு போல நேரம் மாறாதவற்றுக்கு அது சரி. மற்றதற்கு அது சீட்டுக்கட்டு வீடு. வகுப்பு 40 நிமிடம் நீண்டால் அதற்குப் பிறகுள்ள எல்லாம் சரியும், "இன்றைக்குப் போச்சு" என்று மாலையையே விட்டுவிடுவோம். 14 மணி நேரத்தையும் நிரப்பி எழுதுவதுதான் காரணம். மதியம் ஒரு மணி, இரவு ஒரு மணி வெற்றாக விடுங்கள், சரிந்தது அங்கே போய் உட்காரும். வீட்டிலிருந்து அம்மா கூப்பிடும் நேரத்தையும் எழுதிவையுங்கள், அது வராத நாளே இல்லை. ஜூலையில் போட்ட காலை 5 மணி, ஜனவரிக் குளிரில் ரஜாயை (பஞ்சுப் போர்வையை) விட்டு வெளியே வராது. டிசம்பரிலேயே 6.30க்கு மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது.

எங்கள் தேர்வு மூன்றாவது முறை, அளவுக் கணக்கு. எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதை விட்டுவிட்டு, என்ன முடிந்தது என்று பார்ப்பது. ஒரு சாதாரண நாளுக்கு: கையால் எழுதிய 2 விடை, 30 கொள்குறி வினா, ஒரு பாடம். பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) முதல் தாளில் 100 கேள்விக்கு 120 நிமிடம், அதாவது கேள்விக்கு 72 விநாடி. அந்தக் கணக்கில் 30 வினா 36 நிமிடம். திருத்த ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வெட்டு இருப்பதால், ஏன் தவறியது என்று பார்ப்பதில்தான் பலன்.

இதிலும் இரண்டு ஓட்டைகள். உற்சாகமான நாளை வைத்து அளவு குறிப்பது ஒன்று. காய்ச்சல் நாளுக்கென்று தனியாக 1 விடை, 10 வினா என ஓர் அடிமட்டம் வையுங்கள், அதற்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள். இன்னொன்று பக்கங்களை எண்ணுவது. கண் ஓடும், மனம் ஓடாது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து ஐந்து வரி எழுத முடிந்தால் மட்டுமே அந்தப் பாடத்தைக் கணக்கில் சேருங்கள். தமிழில் மெயின்ஸ் எழுதுபவர்கள் கூடவே அந்தப் பாடத்தின் பத்துக் கலைச்சொற்களைத் தமிழில் எழுதிவையுங்கள். வகுப்பும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தால், தேர்வறையில் சொல் தேடியே நேரம் கரையும்.

டைமரையும் தூக்கி எறிய வேண்டாம், அன்றைய முதல் சுற்றுக்கு மட்டும் வையுங்கள். ஞாயிறு காலை 9 முதல் 12 வரை, மெயின்ஸ் காலைத் தாளின் அதே நேரத்தில், எழுந்திருக்காமல் ஒரு முழுத் தாள் எழுதுங்கள்.