சிக்கிய வீல் பேரிங்: அடிப்பதா, சூடேற்றுவதா, இழுப்பதா?

செங்கோட்டை, புளியரை சாரலில் நனைந்து ஆரியங்காவு கணவாயை ஏறி இறங்கும் பழைய பைக்குகளில் சக்கர பேரிங் வர மறுப்பதற்கு இறுக்கம் மட்டும் காரணமில்லை. ஆயில் சீல் தேய்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, பேரிங்கின் வெளிவளையமான எஃகு ரேஸுக்கும் சக்கரத்தின் நடுக்குடமான அலுமினிய ஹப்புக்கும் நடுவே துருவும் வெள்ளைப் பொடியும் கட்டிக்கொள்கின்றன. எந்த முறையில் கழற்றினாலும் காப்பாற்ற வேண்டியது ஹப்பைத்தான். 6203 என்று பேரிங்கின் அளவு எண்ணைச் சொன்னால் தென்காசியிலும் கிடைக்கும், புனலூரிலும் கிடைக்கும்; உற்பத்தி நின்றுபோன வண்டியின் ஹப்புக்கு எங்கே போவது?

பெரும்பாலான பட்டறைகளில் சூடு காட்டாமல் அடித்தே எடுக்கிறார்கள். மறுபக்கத்திலிருந்து நீளமான கம்பியை விட்டு, இரு பேரிங்குகளுக்கு நடுவே நிற்கும் குழலான ஸ்பேசரை ஓரமாகத் தள்ளி, தெரிகிற இன்னர் ரேஸ் (உள்வளையம்) விளிம்பில் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுவது. செலவே இல்லை. ஆனால் ஸ்பேசர் அசையாவிட்டால் கம்பிக்கு விளிம்பு கிடைக்காது. ஒரே பக்கம் அடித்தால் பேரிங் சாய்ந்து துளையைக் கீறும். அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போவதால், அப்படி எடுத்த பேரிங்கை மறுபடி போடவே கூடாது.

சூடேற்றுவதில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 6203-ன் வெளிவிட்டம் 40 மி.மீ. ஹப் 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் அலுமினியத் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும், எஃகு ரேஸ் அதில் ஏறக்குறைய பாதிதான் விரியும். பிடியைத் தளர்த்துவது அந்த வித்தியாசமே. இரும்பு ஹப்பில் இந்த லாபம் கிடைக்காது. முதலில் சீல், பேரிங்கைப் பிடிக்கும் லாக் வளையம், பிரேக் பிளேட், பின்சக்கரமானால் செயின் ஸ்ப்ராக்கெட் பக்க ரப்பர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துரு இளக எண்ணெய் ஊற்றியிருந்தால் முழுக்கத் துடைத்துக் காயவிட்ட பிறகே நெருப்பு, இல்லையென்றால் தீப்பிடிக்கும். ஹீட் கன்னோ கேஸ் டார்ச்சோ, பேரிங்கைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் மட்டும் காட்டி, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுங்கள். அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, நேரே உருகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று கொதித்து மறையும் சூடு போதும்.

சூடு பிடியைத்தான் தளர்த்தும். வெளியே கொண்டுவர ஏதாவது வேண்டும். ஸ்லைடு ஹேமர் (தடியில் ஓடிவந்து மோதும் எடை) வைத்த உள்புல்லர் நேராக இழுக்கும். மறுபக்கம் மூடிய கியர்பாக்ஸ் துளைக்கு இதற்கு ஈடில்லை. புல்லரின் விரியும் முனை ரேஸின் துளை அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். சிறிய முனையை அளவுமீறி விரித்தால் வழுக்கும் அல்லது உடையும். சக்கரத்துக்கு அவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை. இன்னர் ரேஸ் துளைக்குள் நெருக்கமாக நுழையும் இரும்புத் தடியை (6203-க்கு 17 மி.மீ., 6202-க்கு 15) லேத்தில் கடைந்து, முனையை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். அதை வெளிப்பக்கமாக ரேஸுக்குள் விட்டு, மறுபக்கத்திலிருந்து நீண்ட ஆப்பைப் பிளவுக்குள் அடித்தால் தடி விரிந்து ரேஸை இறுகப் பிடிக்கும். தொடர்ந்து அடிக்க, தடியும் பேரிங்கும் சேர்ந்து நேராக வெளியேறும். ஸ்பேசர் எங்கே நிற்கிறது என்ற தொல்லையே இல்லை. ஹார்டுவேர் கடை ஆங்கர் போல்ட்டும் இப்படியே விரியும், ஆனால் அதன் மெல்லிய தகடு பலத்த அடியில் நழுவும்.

கிரீஸையோ நனைத்த காகிதத்தையோ திணித்து, தடியால் அடித்து அழுத்தம் ஏற்றும் முறை மூடிய துளையில் உள்ள புஷ்ஷுக்கு (குண்டுகள் இல்லாத உலோகக் குழல்) அருமை. சக்கர ஹப்பில் வீண். குண்டுகளின் இடுக்கு வழியாக எல்லாம் பிதுங்கிவிடும்.

அலுமினிய ஹப்பானால் சூடும் பிளந்த தடியும் சேர்ந்ததையே முதலில் எடுப்போம்.

பேரிங் உடைந்து அவுட்டர் ரேஸ் மட்டும் உள்ளே நின்றுபோனால் வெல்டிங்தான் வழி. ரேஸின் உள்சுற்றில் ஒரு வரி ஓட்டினால், ஆறும்போது அது சுருங்கிக் கழன்றுவிடும், பல நேரம் கையாலேயே எடுக்கலாம். எர்த் கிளாம்பை அந்த ரேஸிலேயே பிடியுங்கள். வண்டியின் வேறிடத்தில் பிடித்தால் மின்சாரம் மற்ற பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து, அவற்றின் குண்டுகளிலும் தீப்பள்ளம் விழும்.