டிரெய்லர் கூரையில் ஒரு முழக் குச்சி: நாலு வருஷ ஆன்டெனா அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கத்துக் குவாரிகளிலிருந்து கிரானைட் கல் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறேன். சொந்த வண்டி, அதாவது முன்சக்கரம் என்னுடையது, மிச்சம் பைனான்ஸ்காரருடையது. பெரும்பாலும் சென்னைத் துறைமுகம், எப்போதாவது தூத்துக்குடி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது ஒட்டிக்கொண்ட ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ, ஸ்டியரிங் பிடித்த பிறகும் விடவில்லை. ஜெனரல் கிரேடு உரிமம் இருக்கிறது, வண்டியில் வைத்து இயக்கவும் சேர்த்தே அனுமதி வாங்கியிருக்கிறேன். அதன் நகல் ஆர்சி, இன்சூரன்ஸ், பர்மிட்டோடு ஒரே கவரில் கிடக்கும். வழியில் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டுமே. "இதுல போலீஸ் பேசறது கேக்குமா?" என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. கேட்காது. லோடு பேசவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. வியாபாரப் பேச்சுக்கு ஹாமில் இடமில்லை. அதற்கு செல்போன் இருக்கிறது.

நாலு வருஷத்தில் ஆன்டெனாவை மூன்று இடத்தில் மாட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் கையடக்கச் செட்டை டேஷ்போர்டு மேல் வைத்துப் பேசிப் பார்த்தேன். 5 வாட்டு, ரப்பர் வால் ஆன்டெனா, சுற்றிலும் இரும்புத் தகடு. டிபன் பாக்ஸுக்குள் உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரிதான். சூளகிரி மேட்டில் ஏறும்போதுகூட பெங்களூரு ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கி மறுபடி தூரத்துக்கு அனுப்பும் நிலையம்) அரைகுறையாகத்தான் திறந்தது. சரி, வண்டியிலேயே பொருத்தும் மொபைல் ரேடியோ செட் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். வெளியே ஆன்டெனா வைக்கும் கதை அங்கே ஆரம்பித்தது.

காந்த அடி வைத்த ஆன்டெனாவில் தொடங்கினேன். எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள், ஓட்டை போட வேண்டாமே. கூரையில் வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அதில் மாட்டியிருந்தது எட்டில் ஐந்து அலை நீளக் குச்சி, அதாவது ஒரு ரேடியோ அலையின் நீளத்தில் எட்டில் ஐந்து பங்கு, ஒன்றேகால் மீட்டருக்கு மேல். கார் என்றால் அருமையான ஆன்டெனா. என் கேபின் கூரையே மூன்று மீட்டர் உயரம், அதன் மேல் இது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. ராயக்கோட்டை ரோடு மாதிரி புளியமரம் கவிந்த சாலையில் திரும்பினால் கிளை கிளையாக அடி வாங்கும். ஒருநாள் அப்படி அடித்ததில் காந்தம் பெயர்ந்து, குச்சி கேபிளில் தொங்கி, கதவைத் தட்டிக்கொண்டே வந்தது. "ணா, யாரோ தட்றாங்க" என்றான் கிளீனர் தம்பி. ஓடுகிற வண்டியில் யாருடா தட்டுவான்!

கிளையாவது பரவாயில்லை. குவாரிக்குள் போகும் மண் ரோட்டில் கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்கள் உண்டு. அங்கே நீட்டுக் குச்சியோடு நுழைவது விளையாட்டல்ல. ஒவ்வொரு தடவையும் இறங்கி, ஏணியில் ஏறிப் படுக்கவைத்துவிட்டு உள்ளே போனேன். பத்து நாள் செய்யலாம். வருஷம் முழுக்க யார் செய்வார்கள்? இன்னொன்று, காந்தத்துக்கும் கூரைக்கும் நடுவே கல் தூசி போய் உட்கார்ந்து, அதிர்விலேயே அரைத்து, பெயின்ட் போய்த் துரு வட்டம் விழுந்துவிட்டது. கதவு இடுக்கில் நசுங்கிய கேபிளை இரண்டு முறை மாற்றினேன். கிரானைட் ஏற்றுகிறவர்களுக்குக் காந்தம் சரிப்பட்டு வராது என்பதே என் முடிவு.

அடுத்தது இடது பக்கக் கண்ணாடித் தண்டு. அதில் பிடிக்கும் பிராக்கெட் கிடைக்கிறது, வேலை அரை மணி நேரம். மாட்டி எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆன்டெனாவுக்குக் கொடுக்கிற பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது, 1 என்றால் உத்தமம்) வைத்துப் பார்த்தால் 3-ஐத் தொட்டு நிற்கிறது. கொடுக்கிற பவரில் கால்பங்கு அப்படியே திரும்பி வருகிறது என்று அர்த்தம். குச்சியை வெட்டினேன், நீட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு குச்சியில் இல்லை என்று புரிய ஒரு வாரம் ஆனது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்த வகை ஆன்டெனாவில் நாம் பார்க்கும் குச்சி பாதிதான். மறுபாதி அதன் காலடியில் உள்ள தகடு. குச்சியில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாகத் தகட்டிலும் ஓட வேண்டும். என் கண்ணாடித் தண்டு முழுக்கப் பவுடர் பெயின்ட். அது கேபினோடு சேரும் இடத்தில் ரப்பர், பிளாஸ்டிக். அந்தக் கேபினும் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக, குச்சிக்குக் காலடியே இல்லை. பிராக்கெட் கடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, அங்கிருந்து கேபின் தகட்டுக்குப் பட்டையான செம்புப் பின்னல் ஒயர் போட்டு, கேபினிலிருந்து சேஸிஸுக்கும் ஒன்று போட்டேன். மீட்டர் 1.5-க்கு இறங்கியது. சாதாரண ஒயர் போதாதா என்று கேட்பார்கள். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் அகலமாக, குட்டையாக இருப்பதுதான் கணக்கு.

கண்ணாடித் தண்டு ஒன்றரை வருஷம் ஓடியது. குறை இரண்டு. வேகத்தில் குச்சி ஆட, தண்டும் ஆடி, நட்டு தளர்ந்து, கண்ணாடியே கீழே பார்க்க ஆரம்பித்துவிடும். டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு இடது கண்ணாடி கண் மாதிரி. ரேடியோவுக்காக அதை இழக்க முடியாது. மற்றது, அலை போகும் திசை. கல் லோடு தாழ்வாக இருக்கும், கவலையில்லை. ஒருமுறை கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு போனேன். முதுகுக்குப் பின்னால் கண்ணாடியைவிட உயரமான இரும்புச் சுவர். முன்னால் போகிறவரோடு பேச முடிந்தது, பின்னால் வந்த நண்பருக்கு என் குரல் கரகரவென்றுதான் போனது. வலது பக்கம் கேபினே மறைத்தது.

கடைசியில் கூரையில் ஓட்டை போடத் துணிந்தேன். கிருஷ்ணகிரியில் எனக்குப் பழக்கமான டிங்கரிங் பட்டறைக்காரர் வயதானவர். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, ஒழுகுற கூரையை அடைக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. நீ நல்ல கூரையில ஓட்டை போடச் சொல்றியே?" முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் ஓட்டை. மேல்துணியை இறக்கி, உள்ளே குறுக்குச் சட்டமும் ஒயரும் இல்லாத இடம் பார்த்து, கூரையின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளிப் போட்டோம். அடிப்பக்கம் வளையம் கடிக்கும் அளவுக்கு மட்டும் பெயின்ட் சுரண்டி, வெட்டின ஓரத்துக்குத் துரு பிடிக்காத பிரைமர் தடவி, ரப்பர் வளையம் வைத்து இறுக்கினோம். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை. ரப்பர் வளையத்தை மட்டும் வருஷம் ஒன்று என்று மாற்றுகிறேன், கிருஷ்ணகிரி வெயிலில் அது அப்பளமாகிவிடும்.

ஓட்டை போடும் முன் டில்ட் கேபினை ஒரு தடவை முன்னால் சாய்த்துப் பாருங்கள். கூரையில் நிற்கும் குச்சி அப்போது வண்டிக்கு முன்னால் நீட்டும். ஷெட்டுச் சுவரையோ முன்னால் நிற்கிற வண்டியையோ முட்டும். ஆன்டெனாவைக் கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் வைக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. சாய்க்கும்போது கேபினின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் எழும்பும், கேபிளில் அதற்கான நீளம் விடவில்லையென்றால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். என் கேபிள் கூரையிலிருந்து செட் வரை கேபினுக்குள்ளேயே ஓடுவதால் தப்பித்தேன்.

இப்போது அங்கே நிற்பது வெறும் கால் அலை நீள எஃகுக் குச்சி. 145 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டு மீட்டர் சொச்சம், அதில் கால்வாசி, குச்சி முனைக்காகக் கழிக்கும் கொஞ்சம் போக 49 சென்டிமீட்டர். பூக்காரம்மா அளக்கும் ஒரு முழம்தான். காகிதத்தில் பெரிய குச்சிக்கு ஆதாயம், அதாவது அலையை ஒரு பக்கமாகக் குவிக்கும் பலம், அதிகம், உண்மை. ஆனால் அந்த ஆதாயம் அலையை அடிவானத்தை நோக்கித் தட்டையாக அமுக்குவதால் வருவது. வேகத்தில் குச்சி பின்னால் வளைந்தால் அந்தத் தட்டும் சாய்கிறது, எதிராளிக்குக் குரல் நடுங்குகிறது. தொப்பூர் கணவாயில் இரண்டு பக்கமும் மலை, லோடோடு தாழ்ந்த கியரில் இறங்கும்போது குட்டைக் குச்சிதான் எனக்கு நன்றாகப் பேசியது. சமவெளியில் கொஞ்சம் நஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. எஸ்டபிள்யூஆர் 1.2. அதே குச்சி 435 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலையாகி அந்த அதிர்வெண் பேண்டிலும் வேலை செய்கிறது, கூடுதல் செலவில்லாமல். புளியங்கிளை அடித்தால் வளைந்து நிமிர்கிறது.

கேபின் மேல் காற்றைத் தள்ளும் ஃபைபர் கூடு இருப்பவர்கள் அதில் இப்படி மாட்டினால் நான் கண்ணாடித் தண்டில் பட்ட பாடுதான். ஃபைபருக்கு அடியில் தகடு ஒட்டி வைக்கலாம், இல்லையென்றால் தரைத் தகடு கேட்காத அரை அலை நீள ஆன்டெனா வாங்கலாம்.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. லாரி 24 வோல்ட், செட் 13.8 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுக்கிற குறுக்கு வழியை நானும் செய்தேன். ஒன்று நன்றாக இருக்க, மற்றது எட்டே மாதத்தில் செத்தது. அப்புறம் 24-க்கு 12 கன்வெர்ட்டர் போட்டேன். முதலில் வாங்கிய மலிவான கன்வெர்ட்டர் பேண்ட் முழுக்க இரைச்சலைக் கொட்டியது. வேறொன்று வாங்கி, அதன் ஒயர்களில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் கோத்த பிறகுதான் அமைதி. 25 வாட்டுக்கு மேல் நான் போவதில்லை.

7 மெகாஹெர்ட்ஸுக்கும் ஆசைப்பட்டு, சுருள் வைத்த நீளக் குச்சி ஒன்று வாங்கினேன். அந்த பேண்டில் கால் அலையே பத்து மீட்டர். அதை இரண்டு மீட்டரில் சுருட்டினால் பெரும்பாலான பவர் சுருளைச் சூடாக்கத்தான் போகும். இன்ஜின் ஓடும்போது காதில் கேட்பது ஆல்டர்னேட்டர் பாட்டு மட்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது குவாரியில் லோடுக்குக் காத்திருக்கும் விடிகாலையில், இன்ஜினை அணைத்துவிட்டு, கேபின் பின்சட்டத்திலிருந்து எதிரே இருக்கும் புளியமரக் கிளைக்கு இருபது மீட்டர் ஒயரை நைலான் கயிற்றில் கட்டித் தூக்குகிறேன். நடுவில் கேபிள் இறங்கும். கிளைக்குக் கல் கட்டி எறிவது கிளீனர் தம்பியின் வேலை. பெரும்பாலும் முதல் எறியிலேயே மாட்டிவிடுவான், எடுக்கும்போதுதான் அரை மணி நேரம் ஆகிறது.