ரீகேப், ரெவிட், யூடிஎம்: ஸ்கேனைச் சரியான ஆயத்தொலைவில் உட்கார வைப்பது

ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை லேசர் ஸ்கேன் எடுத்து, ரீகேப் என்ற ஸ்கேன் மென்பொருளில் சுத்தம் செய்து, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் மாடல் ஆக்கும் வேலையை ஆண்டுக்கணக்கில் செய்பவர்களின் அனுபவப் பகிர்வு இது. ஸ்கேனரும் நன்றாக வேலை செய்கிறது, ரெவிட்டும் செய்கிறது. தகராறு வருவது நடுவில்: எந்த எண்ணை யார், எந்தக் கட்டத்தில் போடுவது? ஆயத்தொலைவு தொடர்பான எல்லா முடிவையும் ஸ்கேன்களை ஒன்றோடொன்று கோக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். ரெவிட்டுக்குள் பாயிண்ட் கிளவுடை (ஸ்கேனர் அளந்த புள்ளிகளின் தொகுப்பை) கையால் நகர்த்திச் சுழற்றிப் பொருத்தினால் முதல் ஸ்கேன் அழகாக உட்காரும். அடுத்த மாடியின் ஸ்கேன் வந்ததும் அதை எதோடு பொருத்துவது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் ரெவிட்டின் எல்லை. அதன் உள் ஆதிப்புள்ளியிலிருந்து (மாடலின் நகராத 0,0 புள்ளி) சுமார் 16 கி.மீ. ஆரத்துக்குள் மாடல் இருக்க வேண்டும். பூமியைச் சோன்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை யூடிஎம். அதில் சென்னையில் ஒரு மனையின் ஆயத்தொலைவு ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய எண்) 4,20,000 மீட்டர், நார்த்திங் (வடக்கு நோக்கிய எண்) 14,46,000 மீட்டர் என்கிற அளவில் வரும். அந்த எண்களோடு கிளவுடை ஆதிப்புள்ளிக்கு இணைக்கப் பார்த்தால் தூரம் அதிகம் என்று எச்சரித்துவிட்டு, கிளவுடின் மையத்தை மாடலின் மையத்தில் வைத்துவிடும். எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் பல ஃபைல்களில் நடந்திருக்கிறது. மையம் என்பது கிளவுடின் விளிம்பைப் பொறுத்தது. மறுமுறை ஒரு மரத்தையோ எதிர்வீட்டையோ வெட்டிவிட்டு ஏற்றுமதி செய்தால் மையமும் மாறிவிடும்.

ரெவிட்டுக்கு வருவதற்கு முன்பே பெரிய எண்கள் கெடுக்கும் இன்னொரு இடம் உண்டு. புள்ளிகளை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கும் மென்பொருள் சங்கிலியில் எங்காவது இருந்தால், 14,46,000 அளவிலான நார்த்திங் 12.5 செ.மீ. படிகளாக உடையும். 4,20,000 அளவிலான ஈஸ்டிங் 3 செ.மீ. படிகளாக உடையும். சுவர் வடக்குத் தெற்காகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் ஸ்கேனரைச் சந்தேகிக்க வேண்டாம், காரணம் இதுதான். லாஸ் என்ற ஃபைல் வடிவம் முழு எண்ணோடு ஆஃப்செட்டும் அளவுக் காரணியும் வைத்துச் சேமிப்பதால், அவை சரியாக அமைக்கப்பட்டிருந்தால் இந்த உடைசல் வராது. இ57 என்ற இன்னொரு வடிவத்தில், ஃபைல் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒருமுறை உடைந்த கிளவுடைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

ஆகவே நிலைத்த முறை இது. கட்டடத்தின் தூண் வரிசைக் கோடுகள் வெட்டும் ஒரு கிரிட் சந்திப்பை, உதாரணமாக ஏ-1 தூணின் மையத்தை, உள்ளூர் 0,0 என்று வைத்து, கட்டடத்தின் நீள அச்சை எக்ஸ் அச்சாகத் திருப்பி, ரெஜிஸ்ட்ரேஷன் மென்பொருளிலேயே கிளவுடை ஏற்றுமதி செய்யுங்கள். அந்தப் புள்ளியின் ஈஸ்டிங், நார்த்திங், மட்டம், திருப்பிய கோணம் ஆகிய நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இதே நான்கு எண்கள்தான். ரெவிட்டில் ரீகேப்பின் ஆர்சிபி ஃபைலை ‘ஆரிஜின் டு இன்டர்னல் ஆரிஜின்’ என்று இணைத்து, நகராதபடி உடனே பின் போட்டுவிடுங்கள். உள் ஆதிப்புள்ளியில் குறுக்காக இரண்டு மாடல் கோடுகள் வரைந்து, ‘ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயிண்ட்’ கட்டளையில் அந்தச் சந்திப்பைத் தொட்டு, நான்கு எண்களையும் கொடுத்தால் முடிந்தது. கிளவுட் அசையவில்லை, மாடலும் அசையவில்லை. பகிர்வு ஆயத்தொலைவு (ஷேர்ட் கோஆர்டினேட்ஸ்) மட்டும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கோணத்தில் கவனம் தேவை. ப்ராஜெக்ட் யூனிட்ஸில் கோணம் இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி இருந்தால், 0.01 டிகிரி என்பது 100 மீட்டரில் 17 மி.மீ. தசமத்தை முதலில் கூட்டிக்கொண்டு பிறகு எண்ணைக் கொடுங்கள். கிழக்கா மேற்கா என்ற தேர்வில் குறி மாறிப்போவது அதைவிட அதிகம் நடக்கிறது. 20 டிகிரி கோணமாக இருந்தால் கண்ணே காட்டிக்கொடுக்கும். அரை டிகிரி என்றால், குறி மாறும்போது பிசகு இரட்டித்து ஒரு டிகிரியாகி, 50 மீட்டர் தள்ளி 87 செ.மீ. பிசகும், திரையில் யாருக்கும் தெரியாது. கட்டடத்தின் எதிர் மூலையில் உள்ள ஒரு டார்கெட்டின் (சர்வேயர் அளந்த குறியின்) இடத்தில் சிறிய ஜெனெரிக் மாடல் ஃபேமிலி வைத்து, அதன் மேல் ஸ்பாட் கோஆர்டினேட் போட்டு சர்வேயர் கொடுத்த எண்ணோடு ஒப்பிடுவதே நம்பகமான சோதனை. தொடங்கிய புள்ளியையே சோதித்துப் பயனில்லை, அது எப்போதும் சரியாகத்தான் வரும்.

‘அக்வையர் கோஆர்டினேட்ஸ்’ கட்டளை பாயிண்ட் கிளவுடிலிருந்து எதையும் எடுக்காது. அதற்கு டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட ஃபைல்) அல்லது இன்னொரு ரெவிட் ஃபைல் வேண்டும். சிவில் குழு சரியான டிடபிள்யூஜி கொடுத்தால் அந்த வழியும் நல்ல வழிதான். இரண்டு வழியையும் ஒரே ஃபைலில் கலக்கக் கூடாது, கடைசியாகச் செய்தது முந்தையதை அழித்துவிடும். பகிர்வு ஆயத்தொலைவைக் காட்டும் சர்வே பாயிண்டும் பின் போட்டே இருக்கட்டும். கிளிப் நிலையில் யாராவது அதை இழுத்தால் ப்ராஜெக்டின் எல்லா ஆயத்தொலைவும் சேர்ந்து நகரும்.

இதுவரை சொன்னதெல்லாம் மென்பொருள் சங்கதி. அளவில் உண்மையாகவே அடி விழுவது யூடிஎம் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில். பலர் இதைத் தொடுவதே இல்லை. யூடிஎம்மில் சோனின் மைய ரேகையில் அளவுக் காரணி (தரைத் தூரத்தை யூடிஎம் தூரமாக்கப் பெருக்கும் எண்) 0.9996, விலக விலகக் கூடும். 44ஆம் சோனின் மையம் 81 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. சென்னை அதற்கு அருகில் இருப்பதால் தரையில் 100 மீட்டர் யூடிஎம்மில் சுமார் 3 செ.மீ. குறையும். மதுரை அதே சோனின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் அங்கே 100 மீட்டர் சுமார் 8 செ.மீ. கூடும். ஸ்கேனர் அளப்பதோ தரைத் தூரத்தை. மதுரையில் 200 மீட்டர் வளாகத்தின் டார்கெட்டுகளை எல்லாம் செயற்கைக்கோள் வழி அளக்கும் டிஜிபிஎஸ்ஸில் எடுத்து யூடிஎம் எண்ணாகக் கொடுத்தால், ரெஜிஸ்ட்ரேஷனில் நடுவில் பிழை பூஜ்யமாகவும் இரு ஓரத்திலும் 8 செ.மீ. ஆகவும் காட்டும். ஓரம் நோக்கிச் சீராக வளரும் பிழை தெரிந்தால் டார்கெட்டுகளை நீக்கிக்கொண்டே போகாதீர்கள். ‘ஸ்கேலை அனுமதி’ என்ற பெட்டியையும் தொடாதீர்கள். தொட்டால் பிழை மறைந்துவிடும், கட்டடம் 16 செ.மீ. நீண்டுவிடும். எஃகுச் சட்டமோ முகப்புக் கண்ணாடியோ அந்த மாடலை வைத்து வெட்டினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு எளிது. டிஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளியும் ஒரு திசையும் மட்டும் எடுத்து, மற்ற கன்ட்ரோல் பாயிண்ட்டுகளை டோட்டல் ஸ்டேஷனில் (தரையில் கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளவுக் காரணி 1.000000 என்று வைத்து டிராவர்ஸ் செய்யச் சொல்லுங்கள், அதாவது ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அளந்துகொண்டே போகச் சொல்லுங்கள். அந்த இடத்தின் அளவுக் காரணியை ஐந்தாவது எண்ணாக அதே தாளில் எழுதுங்கள். மேற்கே வேலை செய்பவர்கள் சோனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 43, 44 சோன்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு 43இல், மதுரை, சேலம், திருச்சி 44இல். சோனைத் தவறாகக் கொடுத்தால் எண்கள் நம்பும்படியாகவே இருக்கும், இடம்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

வடக்கைப் பற்றிச் சுருக்கமாக. யூடிஎம் எண்களை ஏற்றியபின் ரெவிட் ‘ட்ரூ நார்த்’ என்று காட்டுவது உண்மையில் கிரிட் வடக்கு, அதாவது யூடிஎம் கட்டத்தின் வடக்கு. சென்னையில் வித்தியாசம் சுமார் 10 நிமிடம், மதுரையில் அரை டிகிரி. நிழல் ஆய்வுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மனை எல்லைக்காக எஃப்எம்பி (வருவாய்த் துறையின் புல அளவு) வரைபடத்தோடு கிளவுடைத் திருப்பிப் பொருத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் இருப்பவை புலத்தின் அளவுகள், ஆயத்தொலைவு அல்ல. எல்லைக் கற்களை ஸ்கேனில் பிடிப்பதே வழி.

மட்டத்தில் மூன்று எண்கள் சுற்றும். டிஜிபிஎஸ் தருவது நீள்வட்டக உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் அது கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கு மேல் கீழே இருப்பதால் சென்னையில் தரைமட்டமே எதிர்மறை எண்ணாக வரும். இரண்டாவது கடல்மட்டத்திலிருந்து எடுத்தது. மூன்றாவது, சைட்டில் ஒரு படிக்கட்டுக்கு 100.000 என்று வைத்துக்கொண்ட தற்காலிக பெஞ்ச்மார்க். கட்டட வேலைக்கு மூன்றில் எதை எடுத்தாலும் ஓடும். மழைநீர் வடிகாலும் சாலை மட்டமும் சேரும்போது கடல்மட்ட எண்ணுக்கு மாற வேண்டும்.

கடைசியாக ஐஎஃப்சி (மாடலை மற்ற மென்பொருள்களுக்குக் கொடுக்கும் பொது வடிவம்) ஏற்றுமதி. அமைப்பில் கோஆர்டினேட் பேஸ் ‘ஷேர்ட் கோஆர்டினேட்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ஐஎஃப்சி 4இல் இடம், கோணத்தோடு அளவுக் காரணிக்கும் தனி இடம் உண்டு. தரைத் தூரத்தில் செய்த மாடலை ஜிஐஎஸ் (கணினி நிலவரைபட) குழுவுக்கு அனுப்பும்போது அந்த ஐந்தாவது எண் அங்கே போய்ச் சேர வேண்டும். ஏற்றுமதியில் அது 1 என்றே வந்திருந்தால் தாளின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.