பிரெஞ்சு வெள்ளிச் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு: 84 என்ற எண்ணைப் பார்த்தால் பணத்தை எடுக்காதீர்கள்

1,150 யூரோ. பாரிஸ் புறநகரில், பழைய பொருள் சந்தையை ஒட்டிய தெருவில் இருக்கும் ஒரு சிறிய கடைக்காரர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்ட தொகை. சொக்க வெள்ளி என்று சத்தியம் செய்து அவர் விற்ற செட்டில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளி முலாம் பூசிய ஜெர்மன் சில்வர், அதாவது பெயரில் மட்டும் வெள்ளி உள்ள கலப்பு உலோகம். நேற்று மாலைதான் முடிவாகக் கையை விரித்துவிட்டார். வயிறு எரிகிறது.

அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுக்கத்தான் தேடினேன். நீல வெல்வெட் பெட்டியில் 12 கரண்டி, 12 முள்கரண்டி, ஒரு சூப் அகப்பை. அவரே லென்ஸை என் கையில் கொடுத்து அகப்பையைத் திருப்பிக் காட்டினார். தலைக்கவசம் அணிந்த ரோமானியப் பெண் தெய்வம் மினெர்வாவின் முகம், நெற்றிக்கு முன்னால் 1 என்ற எண். 1838 முதல் பிரெஞ்சு அரசு அடித்துவரும் முத்திரை அது. பழைய சாமான்களில் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி என்று பொருள். சுவரில் அரசு முத்திரைகளின் அட்டவணை வேறு தொங்கியது. முள்கரண்டிகளில் சதுரத்துக்குள் வேறு எழுத்துகளும் பக்கத்தில் 84-உம் இருக்கின்றனவே என்று கேட்டேன். கண் சிமிட்டாமல் பதில் சொன்னார்: “அகப்பை முதல் தரம், இவை அடுத்த தரம். 84 சதவீத வெள்ளி, மதாம். என் தகப்பனார் காலத்திலிருந்து இதே தொழில்தான்.” அந்தத் தகப்பனார் பேச்சில்தான் பணம் கைமாறியது.

வீட்டில் துடைத்தபோது, கரண்டியின் அடிவயிறு மேசையில் படும் இடத்தில் மட்டும் வெள்ளை தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. தெரிந்த நகைத் தொழிலாளி ஒருவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். 84 என்பது சதவீதமே அல்ல. 12 பேருக்கான கரண்டி, முள்கரண்டி அத்தனையின் மேலும் சேர்த்துப் பூசிய வெள்ளி 84 கிராம். சொக்க வெள்ளியில் இதே செட் இரண்டு கிலோவை நெருங்கும். மினெர்வா இருந்தது அகப்பையில் மட்டும்!

திரும்பிப் போனால், “நீங்களே லென்ஸில் பார்த்தீர்களே” என்றார். மறுமுறை, முதலாளியம்மா ஊரில் இல்லை என்றார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. நேற்று ரசீதை எடுத்து நீட்டினேன். அதில் அவர் கிறுக்கியிருந்தது: ‘பழைய மேசைச் செட், வெள்ளி அகப்பை’. “எழுதியது சரிதானே, அகப்பை வெள்ளிதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். 1,150 யூரோவை வாங்கிக்கொண்டு இப்படிப் பேச எப்படி மனம் வருகிறது?

கவனமாக இருங்கள். செய்தவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருந்தால் வெள்ளி, சதுரத்துக்குள் இருந்தால் முலாம். பெட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். விற்பவர் எடுத்துக் கொடுப்பதை மட்டும் பார்க்காதீர்கள். கத்திகளின் எடையை நம்ப வேண்டாம், பிடிக்குள் அரக்கு போன்ற பொருளை நிரப்பியிருப்பார்கள். ரசீதில் ‘அர்ழான் மஸ்ஸிஃப்’ (பிரெஞ்சில் சொக்க வெள்ளி) என்று எழுதித் தரச் சொல்லுங்கள், எந்தெந்தச் சாமானுக்கு என்பதையும் சேர்த்து. இன்னும் நிறைய எழுத நினைத்தேன். புகார் மனுவை இன்றே அனுப்பியாக வேண்டும்.