எம்.ஏ. இதழியல் தொலைநிலையில் சேரப் போகிறவர்களுக்கு: என்னுடைய 68,500 ரூபாய் போனது இப்படித்தான்

இன்று மாலைதான் என் பட்டச் சான்றிதழ்களை ஒரு தனியார் கல்வி மையத்திடமிருந்து மீட்டுக்கொண்டு வந்தேன். பணம் வரவில்லை. 68,500 ரூபாய். ஆத்திரம் அடங்கிவிட்டால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்று பயந்து இப்போதே எழுதுகிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தினசரிக்கு ஏழு வருடமாகப் பகுதிநேரச் செய்தியாளர். படித்தது பி.எஸ்சி. வேதியியல். இதழியலில் முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுத வேண்டும், ஒரு கல்லூரியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. நெட்டில் இதழியல் ஒரு பாடமாக இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. எனக்கு 38 வயது, வேலையை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார முடியாது. தொலைநிலைக் கல்விதான் வழி என்று தேடினேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருக்கிற தனியார் கல்வி மையம் அது. வேறு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் 'அங்கீகரிக்கப்பட்ட படிப்பு மையம்' என்று வாசலில் பலகை. சுவர் முழுக்கப் பட்டமளிப்பு விழாப் படங்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. "இது உண்மையான பல்கலைக்கழகம்தானா?" என்று முதலிலேயே கேட்டேன். அங்கிருந்த ஆலோசகர் கோபப்படவே இல்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "என்னை நம்பாதீங்க சார். யு.ஜி.சி. சைட்டை நீங்களே திறங்க, நீங்களே பேரைப் போட்டுத் தேடுங்க" என்று விசைப்பலகையை என் முன்னால் தள்ளினார். யு.ஜி.சி. என்றால் பல்கலைக்கழகங்களை மேற்பார்க்கும் மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழு. நானே தட்டினேன். பெயர் வந்தது. மாநிலம், தொடங்கிய ஆண்டு எல்லாம் சரியாக இருந்தது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அவரே திறந்து காட்டினார். அதில் அந்தப் பெயர் இல்லை. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். தேடச் சொல்லி விசைப்பலகையையே கொடுக்கிற ஆள் மீது யாருக்குச் சந்தேகம் வரும்?

நான் பார்த்தது பல்கலைக்கழகங்களின் பட்டியல். அஞ்சல் வழியில் நடத்த யாருக்கு அனுமதி, அதிலும் எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுக்கு என்பது வேறு பட்டியல். யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப், அதைத் தனியாக வெளியிடுகிறது. அதில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதழியல் முதுகலையே இல்லை. இருந்திருந்தாலும் ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டித் தொலைநிலைப் படிப்பு மையம் நடத்தக் கூடாது. தனியாருக்குக் குத்தகை போல மையத்தைக் கொடுக்கவும் கூடாது. முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புக்குத்தான் எல்லை கிடையாது. அவர் காட்டியது எல்லாம் நிஜம். காட்டாமல் விட்டதில்தான் என் பணம் போனது.

விண்ணப்பத்துக்கு 3,500. அன்றைக்கே முதல் வருடத்துக்கு 35,000. ஒரு மாதம் கழித்து, "ரெண்டாம் வருஷத்தையும் இப்பவே கட்டினா அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் சார்" என்றார்கள். என் மனைவி சீட்டு எடுத்த பணத்திலிருந்து 30,000 கொடுத்தேன். மொத்தம் 68,500. எல்லாமே ஜிபே வழியாக, மையத்தின் பெயரில் இருந்த கணக்குக்கு. பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்றுதான் அச்சடித்திருந்தது. அதை நான் உரக்கப் படித்திருந்தால்கூட நின்றிருப்பேன்.

முதல் சந்தேகம் பாடப் புத்தகத்தில் வந்தது. ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் கம்பி போட்ட நான்கு கட்டுகள். ஊடகச் சட்டம் என்ற தாளைத்தான் முதலில் பிரித்தேன், அது எனக்குத் தினமும் தேவைப்படுகிற விஷயம். அவதூறுக்கு இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 499 என்று போட்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே நடைமுறையில் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் அவதூறு பிரிவு 356. பத்திரிகைப் பதிவுக்கு 1867ஆம் வருடச் சட்டத்தையே பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். அதற்குப் பதிலாக 2023இல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. இதைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண், "சிலபஸ் அப்டேட் ஆகிட்டிருக்கு சார்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அப்புறம் டெப் ஐடி, அதாவது டெப் தளத்தில் மாணவருக்கான அடையாள எண். 2024இலிருந்து தொலைநிலையில் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் இதைத் தானே உருவாக்கித்தான் சேர முடியும். நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் யாருமே கேட்கவில்லை. போய்க் கேட்டால், "அதெல்லாம் நாங்களே போட்டுடுவோம்" என்றார்கள். அடுத்த வாரம் "போர்டல் திறக்கல". அதற்கடுத்த வாரம் "மேடம் லீவு". பதிவு எண்ணாவது கொடுங்கள் என்று அடம்பிடித்ததில் ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவுக்கே போன் செய்தேன். எடுத்தவர் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "எங்கள் எண் இந்த வடிவத்திலேயே இருக்காது" என்றார். உங்களுக்குத் தமிழ்நாட்டில் மையம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் நேராகப் போனேன். முதலில் "அது ரெகுலர் செக்ஷன் சார், நம்மது வேற" என்றார்கள். பிறகு ஆலோசகர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் குரல் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தது. நான்காவது முறை போனபோதுதான் ஆள் கிடைத்தார். கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யு.ஜி.சி. 2018இல் போட்ட விதிகளை அச்செடுத்துக் கொண்டு போயிருந்தேன். எத்தனை நாளுக்குள் விலகினால் எத்தனை சதவீதம் தர வேண்டும் என்பதும், அசல் சான்றிதழை நிறுவனம் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அது யூனிவர்சிட்டிக்கு சார். நாங்க யூனிவர்சிட்டி இல்லையே. நாங்க கோச்சிங் சென்டர். ரசீதைப் பாருங்க" என்றார்.

பணம் வாங்குகிற வரைக்கும் பல்கலைக்கழகத்தின் மையம், பணத்தைத் திருப்பிக் கேட்டதும் கோச்சிங் சென்டர். மூன்று மாதம் இரவில் கண் விழித்துப் படித்த அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தோடு போனது. என் மனைவியிடம் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை.

சான்றிதழுக்கும் 5,000 கேட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்று எழுந்த பிறகுதான் உறை வெளியே வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அந்த மையத்துக்கு அனுமதி உண்டா என்று 10 ரூபாய் கட்டி யு.ஜி.சி.க்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டிருக்கிறேன், 30 நாளில் பதில் வர வேண்டும். நாளை காவல் நிலையம்.

என்னென்ன பார்த்துச் சேர வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: யு.ஜி.சி. பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, டெப் தளத்தில் அந்தப் படிப்பும் அந்த வருடமும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும். டெப் ஐடியை உங்கள் கையால் போடுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். ரசீதில் எதற்கான பணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

இன்று நான் அங்கே நின்றபோது நீலச் சுடிதார் போட்ட ஒரு தங்கை, அப்பாவோடு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். அதே இதழியல். நான் வாயைத் திறந்ததும் இருவர் வந்து என்னை மாடிப்படி வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கச்சி, இது உன் கண்ணில் பட்டால், இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதே. கட்டியிருந்தால் விடியும் வரை காத்திருக்காமல், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு இப்போதே போன் செய்.